யாரும் சொல்லாத குடை

தம்பி சோதனை அறையிலிருந்து வெளியே வந்தபோது அக்கா நாற்காலியை விட்டு எழுந்துகூட நிற்கவில்லை. அதற்குள் கேட்டுவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"தண்ணி குடிச்சிக்கிறேன்க்கா."

"குடி. குடிச்சிக்கிட்டே சொல்லு. மறந்துடும்."

வீட்டில் டியூஷன் எடுப்பவள் அவள். பரீட்சை முடிந்து வரும் பிள்ளைகளை வாசலிலேயே மடக்கி, சூடு ஆறுவதற்குள் கேள்விகளைக் கறந்துவிடுவது அவளுடைய தொழில் பழக்கம். போன வருடம் கேட்டது இந்த வருடமும் வரும் என்பது அவள் அனுபவம். பெரும்பாலும் வரவும் செய்தது. அதனால்தான் அந்தத் தெருவில் நாலு டியூஷன் இருந்தும் இவளுடைய வாசலில் மட்டும் செருப்பு வைக்க இடம் இருக்காது.

தம்பி பாட்டிலை இறக்கிவிட்டு யோசித்தான். "நம்பர் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, கடைசிலேர்ந்து. அப்புறம் படம் பாத்துக் கோடு போடறது. அப்புறம் கொஞ்சம் வார்த்தை படிச்சாங்க, அதையே திரும்பத் திரும்ப. எத்தனை ஞாபகம் இருக்குன்னு பாக்கறதுக்கு."

"என்ன வார்த்தை?"

"குடை... பாலம்... நாற்காலியோ மேசையோ."

"நாற்காலியா, மேசையா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குக்கா இங்க வர்றேன்?"

பஸ் நிறுத்தம் போய்ச் சேருவதற்குள் பதினைந்து வார்த்தைகளில் பத்தைப் பிடுங்கிவிட்டாள். மீதியை இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள், மீனிலிருந்து முள் எடுப்பதுபோல.

தம்பிக்கு சிக்கிள் செல் நோய். பிறவியிலேயே வந்தது. வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் பிறைபோல வளைந்து, சிறிய நாளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த இடத்தில் வலி. குளிர் பட்டால் வலி, தண்ணீர் குறைந்தால் வலி, அலைந்தால் வலி. அதற்கென்று தினமும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபிறகு ஆஸ்பத்திரியில் படுப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் அவனுக்குப் பெயரே 'ஒட்டகம்'.

வலி அடங்கியபிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மறதி என்று சொல்லிவிட முடியாது. சொன்னது உள்ளே போக நேரம் எடுத்தது. ரெண்டு விஷயத்தைச் சேர்த்துச் சொன்னால் ஒன்று கீழே விழுந்தது. ரத்த டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். சத்தமே இல்லாமல் வந்துபோன சின்னச் சின்னப் பக்கவாதங்கள் என்றார் டாக்டர். கை இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, வந்தவனுக்கே வந்தது தெரியாது. சில புள்ளிகள் சின்ன வயதிலேயே வந்திருக்கலாம்.

"அப்போ அந்த ஸ்கேல் அடியெல்லாம்?" என்று தம்பி வெளியே வந்ததும் கேட்டான், சிரித்துக்கொண்டே. பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போகாத அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிப் பாஸாக்கியது அக்காதான். வாய்ப்பாடு தடுமாறினால் கட்டிலின் இரும்பில் ஸ்கேலால் தட்டுவாள். சில சமயம் இரும்பில் படாது.

அக்கா சாலைப் பக்கம் திரும்பினாள். பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

அதன்பிறகுதான் டாக்டர் ஓர் ஆய்வைப்பற்றிச் சொன்னார். வயதானவர்களின் மறதிக்குக் கொடுக்கும் ஒரு மருந்து, சிக்கிள் செல் உள்ளவர்களின் யோசனை வேகத்துக்கு உதவுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு சோதனை, நடுவில் ஒன்று, மாத்திரை முடியும் தறுவாயில் ஒன்று. "உதவும்னு சொல்லமாட்டேன். தெரியாது. தெரியாததாலதான் பாக்கறோம்" என்றார் டாக்டர். தம்பி கையெழுத்துப் போட்டான்.

போட்டதற்குக் காரணம் ஜன்னல்.

அவன் வேலை செய்யும் கடையில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருந்தது. பரிமாறுபவர்கள் வந்து மேசை எண்ணையும் கேட்டதையும் சொல்வார்கள். ஜன்னலில் நிற்பவன் எல்லாவற்றையும் தலையில் வாங்கி, எந்த அடுப்பு காலி என்று பார்த்து, உரிய வரிசையில் உள்ளே குரல் கொடுக்கவேண்டும். காகிதம் கிடையாது. ஆவியில் காகிதம் ஊறிப்போகும், படிக்கச் சமையல்காரருக்குக் கை காலி இல்லை என்பது முதலாளியின் கட்சி. கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். தம்பி பல வருடமாக அங்கே நின்றான். நன்றாகவே நின்றான். கொஞ்ச காலமாகத்தான் மீன் கேட்ட மேசைக்குக் கோழி போனது, கோழி கேட்ட மேசைக்கு ஒன்றுமே போகவில்லை.

"உன்னைப் போகச்சொல்ல எனக்கு மனசு வரல," என்றார் முதலாளி. "பின்னாடி காய் நறுக்குற இடத்துக்குப் போயேன். உக்காந்து செய்யலாம்."

உட்கார்ந்து செய்யலாம்தான். ஆனால் காய் நறுக்கும் மேசை குளிரறைக் கதவை ஒட்டி இருந்தது. யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் முழங்காலில் குளிர் வந்து மோதும். அங்கே ஒரு வாரம் உட்கார்ந்தால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கட்டில். இன்னொரு பக்கம் அடுப்பு, அனல். அந்தச் சமையலறையில் அவன் உடம்பு தாங்கக்கூடிய ஒரே இடம் ஜன்னல்தான். ஜன்னல் போனால் வேலை போனமாதிரி.

முதலாளிக்கும் இது தெரியும். "மருந்து சாப்பிடறேன்னு சொல்ற. சரி, சாப்பிடு. பாக்கலாம்" என்று விட்டுவைத்திருந்தார்.

அக்கா தன் பங்குக்கு வேலையை ஆரம்பித்தாள். பிள்ளைகள் போனபிறகு ஹாலில் தம்பியை உட்கார வைத்தாள்.

"குடை."

"பாலம். நாற்காலி. மேகம். ஆணி..."

"ஆணிக்கு முன்னாடி?"

"அக்கா, இது பரீட்சை இல்ல. வியாதி."

"பரீட்சை இல்லாதது எதுடா? கதை மாதிரி ஞாபகம் வெச்சுக்க. ஒருத்தன் குடை பிடிச்சுக்கிட்டு பாலத்து மேல நாற்காலி போட்டு உக்காந்து மேகத்தப் பாத்தான். அப்போ?"

"ஆணி குத்திச்சு."

"எங்க?"

"நாற்காலில உக்காந்தா எங்க குத்தும்?"

பல் தேய்க்கும்போது ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை, கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கும்போது ஒரு முறை. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தம்பிக்குக் கனவு வேறு அதிகம் வந்தது. பாலத்து மேல் வரிசையாக நாற்காலி போட்டு எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு சூப் கேட்கிறார்கள் என்றான். "பாத்தியா, மருந்து உனக்குத்தான் வந்திருக்கு. மாவு சாப்பிட்டா கனவு வருமா?" என்றாள் அக்கா.

நடுச் சோதனையில் அதே வார்த்தைகள் வந்தன. தம்பி பதினைந்தையும் ஒப்பித்தான், வரிசை மாறாமல். சோதனை எடுத்த பெண், அட்டைகளைக் கலைத்துக் கலைத்துக் காட்டுவதால் 'சீட்டுக்கட்டு மேடம்' என்று தம்பி பெயர் வைத்திருந்தவள், நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாளாம். வெளியே வந்து சொன்னபோது அக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தம்பி முதலாளியிடம் போய், ஞாபகம் முன்னைப்போல ரெண்டு மடங்கு ஆகிவிட்டது என்றான். முதலாளி அவன் முதுகில் தட்டி, "ஜன்னல் உன்னுதுதான்" என்றார்.

அதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றுதான் ஒரு விடுமுறை நாள் மதியம் அக்கா அந்தக் கடைக்குப் போனாள். தம்பியிடம் சொல்லவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்துத் தூண் மறைவில் ஒரு மேசை கிடைத்தது. ரொட்டியும் சூப்பும் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

கூட்டம் ஏறாதவரை நன்றாகத்தான் போனது. தம்பியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, வீட்டில் இல்லாத ஓர் அதிகாரம். "நாலாம் மேசை, ரெண்டு முட்டை, ஒண்ணு நல்லா வெந்தது!" உள்ளேயிருந்து சமையல் மாஸ்டர், "ஆச்சு ஒட்டகம்!" என்றார். பிறகு ஹால் நிறைந்தது. ரெண்டு பரிமாறுபவர்கள் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வந்து ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் பேசினார்கள். தம்பி கண்ணை மூடித் திறந்தான். அவளுக்கு அந்தக் கண் மூடல் தெரியும். கட்டிலில் வாய்ப்பாடு சொல்லும்போது பார்த்தது.

"ஏழாம் மேசை, ரெண்டு சூப், ஒரு மீன், ஒரு... குடை."

சமையலறை ஒரு நொடி நின்றது.

"குடையா?" மாஸ்டர் கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தார். "வறுத்ததா, வேகவெச்சதா?"

"விரிச்சு வறுங்க மாஸ்டர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். பிறகு பாட்டிலைத் தூக்கி மூச்சு விடாமல் குடித்தான். ஒரு பரிமாறுபவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, மெதுவாக, "உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு" என்று எடுத்துக் கொடுத்தார். அதைச் சொன்ன விதத்தில், இது அவருக்குப் பழக்கமான வேலை என்பது அக்காவுக்குத் தெரிந்தது. தம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டிருந்தான், மற்றவர்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சூப் வந்தது. ரொட்டி வரவில்லை. அவள் கேட்கவில்லை.

கடைசிச் சோதனைக்குப் போகும் பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் இடம் கிடைத்தது.

"நான் கடைக்கு வந்தேன், அன்னிக்கு," என்றாள் அக்கா.

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "குடை அன்னிக்கா?"

"ம்."

"அது ஒரு நாள்தான்க்கா."

"ஒரு நாள்தானா?"

அவன் வெளியே பார்த்தபடியே, "ஒரு நாள் பாலம்னு சொன்னேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"மேடம்கிட்ட சொல்லிடலாம்டா."

"என்னன்னு?"

"நான் சொல்லிக்கொடுத்தேன்னு. அந்த மார்க் உன்னுது இல்ல, என்னுதுன்னு."

"சொன்னா மீதி மாத்திரையை நிறுத்திடுவாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "எனக்கு என்னமோ கொஞ்சம் தெளிவா இருக்குக்கா. காலைல எந்திரிச்சா தலைக்குள்ள பஞ்சு இல்ல. முன்னாடி ஒரு மேசைதான் நிக்கும், இப்போ மூணு நிக்குது. நிசமாவே. அதையும் பிடுங்கிட்டா? முதலாளி என்ன சொல்லுவாரு?"

"நிசமாவே தெளிவா இருக்கா, இல்ல நான் தினமும் உன்னப் பிராண்டறதால அப்படித் தோணுதா? இது யாருக்குத் தெரியும் இப்ப? எனக்குத் தெரியல. உனக்குத் தெரியல. அவங்களுக்கும் தெரியாம நான் பண்ணிட்டேன்."

அவன் பாட்டிலைத் திறந்து குடித்தான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கும்போது சொன்னான். "சொல்லணும்னா நீயே சொல்லு. என் வாயால வராது."

சோதனை அறை சின்னது. ஒரு மேசை, மூன்று நாற்காலி, டிக்டிக் சத்தம் கேட்கக்கூடாது என்று கடிகாரம் இல்லாத சுவர். அக்கா தம்பிக்கு முன்னால் உள்ளே போய், கேட்காமலே சோதனைக்கு வருபவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். காப்பியடித்த பிள்ளைகளை எத்தனையோ முறை எதிரே உட்கார வைத்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முழங்கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சொல்லி முடித்தாள். குடை பிடித்தவன், பாலம், ஆணி எல்லாம்.

சீட்டுக்கட்டு மேடம் திட்டவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள். "எனக்கு அன்னிக்கே இடிச்சுது. வார்த்தையில மட்டும் முழு மார்க். மத்ததெல்லாம் ஏறக்குறைய இருந்த இடத்துலயே இருக்கு. மருந்து அப்படித் தேடிப்பிடிச்சு ஒரு கேள்விக்கு மட்டும் வேலை செய்யாதே?" பிறகு, "நீங்க டீச்சரா?" என்றாள்.

"டியூஷன்."

"அதான்." ஒரு சிரிப்பு வந்து போனது. "டீச்சர், உங்க பசங்க நல்லா எழுதினா அவங்களுக்கு நல்லது. இங்க அப்படி இல்ல. இங்க உங்க தம்பி எப்படி இருக்காரோ அப்படியே எங்களுக்குத் தெரிஞ்சாதான் அவருக்கு நல்லது. நீங்க தராசுல கை வெச்சிட்டீங்க. மருந்து வேலை செய்யாமலே நாங்க வேலை செய்யுதுன்னு எழுதிட்டா, நாளைக்கு இதே மாதிரி நோய் இருக்கற ஒருத்தர் அதை நம்பிச் சாப்பிடுவாரு."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்திரையை நிறுத்திடுவீங்களா?"

"அதை நான் தனியா முடிவு பண்ண முடியாது. டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணும்." போனை எடுத்து வெளியே போனாள். நடைபாதையில் தம்பி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மேடம் திரும்பி வந்தபோது கையில் வேறொரு அட்டைக் கட்டு இருந்தது. "நடுவுல எடுத்ததைத் தள்ளி வெச்சிடறோம், ஏன்னு எழுதி. கடைசி மாத்திரை வரைக்கும் அவர் சாப்பிடலாம், ஆய்வுல இருக்கலாம். இது அவர் பாக்காத பட்டியல். ஒண்ணு கேக்கணும். அவர் வேலை செய்ற இடத்துல என்ன தடுமாறுதுன்னு யாராவது பாத்திருக்கீங்களா? எங்ககிட்ட அதுக்குக் கேள்வி இல்ல."

அக்கா ஜன்னலைப்பற்றிச் சொன்னாள். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேசியது, கண் மூடித் திறந்தது, உருளைக்கிழங்கை எடுத்துக் கொடுத்தவர். மேடம் பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர் சொல்ல முடியாதா? இவர் உள்ள சொன்னதை மாஸ்டர் ஒரு தடவ திருப்பிச் சொல்ல முடியாதா? மருந்து என்ன செய்யுமோ, செய்யாதோ. இது இன்னிக்கே செய்யலாம்."

தம்பி உள்ளே போனான், அக்கா வெளியே வந்தாள். கதவு மூடியது. நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்தபோது அவள் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள்.

"கேளேன்," என்றான் தம்பி.

"கேக்க மாட்டேன்."

"கேக்கணும்னு இருக்கில்ல?"

"உயிரே போகுது. வா, போலாம்."

படியிறங்கும்போது அவனாகவே சொன்னான். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அதுல குடை இல்ல. ஆனா நான் சொல்லிட்டேன்."

சில நாள் கழித்து முடிவை டாக்டரே சொன்னார். ஆரம்பத்தில் இருந்ததைவிட வேகம் கொஞ்சம் கூடியிருந்தது, ஞாபகம் அதே இடத்தில். மருந்தாக இருக்கலாம். அந்த மாதங்களில் வலி வராமல் நன்றாகத் தூங்கியதாலும் இருக்கலாம். மாவு மாத்திரையைக்கூட நம்பிச் சாப்பிட்டால் கொஞ்சம் கூடுவதுண்டு. எல்லோருடைய சோதனையும் முடிந்து கணக்குப் பார்த்தபிறகுதான் எது என்று திறந்து பார்ப்பார்கள். அதற்கு இன்னும் நாளாகும்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று அக்கா வாசல் வரை வந்து கேட்டாள். டாக்டர் யோசித்து, "தப்பாவும் இருக்கக்கூடிய அளவு" என்றார்.

முதலாளியிடம் தம்பியே போய்ச் சொன்னான். அக்கா கூட வருகிறேன் என்றதற்கு, "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்றான். அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தாராம்.

"அப்போ அந்த ரெண்டு மடங்கு?"

"அது எங்க அக்கா மார்க், முதலாளி."

"அப்போ உங்க அக்காவை ஜன்னல்ல நிக்க வெச்சிடலாமா?"

கடைசியில் பாதி கொடுத்தார், பாதி எடுத்துக்கொண்டார். மதியம் தம்பி. கூட்டம் நெரியும் இரவு வேளைக்கு வேறு ஆள். ஒருவர் முடித்தபிறகுதான் அடுத்தவர் ஜன்னலுக்கு வரவேண்டும், உள்ளே சொன்னதைச் சமையலறை திருப்பிச் சொல்லவேண்டும். அது கடைக்கு ஒத்துவருகிறதா என்று கொஞ்ச நாள் பார்ப்பார். காகிதம் கிடையாது. அதில் மட்டும் அவர் அசையவில்லை. சம்பளம் குறைந்தது. குளிரறைப் பக்கம் போகவேண்டியதில்லை.

மறுபடி ஒரு விடுமுறை மதியம் அக்கா போனாள். இந்த முறை தூண் மறைவில் உட்காரவில்லை. ஜன்னலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். தம்பி பார்த்துவிட்டு முகத்தை மாற்றாமல் இருக்கப் பார்த்தான்.

"மூணாம் மேசை, ஒரு சூப், ஒரு ரொட்டி!"

"மூணாம் மேசை, ஒரு சூப், ஒரு ரொட்டி," என்று மாஸ்டர் கிளிப்பிள்ளைக் குரலில் இழுத்தார். எல்லாவற்றையும் இப்படித்தான் இழுத்து ஒப்பிப்பார் போலிருந்தது, தன் எதிர்ப்பைப் பதிவு செய்ய. பிறகு, "குடை வேணாமா ஒட்டகம்?" என்றார்.

"வெளியே மழை இல்ல மாஸ்டர்," என்றான் தம்பி. அதற்குள் ஒரு பரிமாறுபவர் வாயைத் திறந்துகொண்டு வந்தார். தம்பி கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். அவர் நின்றார். தம்பி பாட்டிலைத் திறந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மூடி, "ம், இப்ப சொல்லுங்க" என்றான்.

சூப் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரொட்டியும் வந்தது.